கண் தெரியாத விருந்தாளிக்கு வழி சொல்கிறவன்

மார்ச் மாதம்

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

உன் அண்ணன் இசோகிச்சி தன் கையாலேயே எழுதுவது.

மேலே இருக்கும் வரியை உன் மகள் சுமியெ உனக்கு இன்னொரு முறை படித்துக் காட்டட்டும். ஆமாம், நானேதான். ஊர்ப் பொதுக்கூடத்தில் இந்தக் குளிர்காலம் முழுக்க, பனி மூடி வேலை இல்லாத பிற்பகல்களில், எழுத்துத் தெரியாத கிழடுகளுக்கு வகுப்பு நடந்தது. பென்சில் பிடித்து விரல் காய்த்துவிட்டது. மண்வெட்டி பிடித்துக் காய்க்காத ஓர் இடம் இந்தக் கையில் மிச்சம் இருந்திருக்கிறது பார்.

மலையின் தெற்குச் சரிவில் வெண்பனி உருகிவிட்டது. வடக்கில் இன்னும் அழுக்கு வேட்டி மாதிரி கிடக்கிறது. உங்கள் பிரேசிலில் இப்போது கோடை முடிகிறதாம். ஒரே சூரியன் இரண்டு பக்கத்தையும் எப்படித்தான் சமாளிக்கிறதோ.

இத்தனை வருடமும் என் பெயரில் உனக்கு வந்த கடிதங்கள், நான் வாயால் சொல்லித் தபால் நிலையத்துக்காரர் எழுதியவை. எங்கள் மூங்கில் பனிப் பாரத்தில் சாய்ந்து பக்கத்து வீட்டுக் குமேஜியின் கழிப்பறைக் கூரையை உடைத்துவிட்டது, அப்போது அவன் உள்ளேதான் உட்கார்ந்திருந்தான் என்று நான் சொல்லுவேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு "அனைவரும் நலம்" என்று எழுதி மடிப்பார். உனக்குக் குழந்தை பிறந்தபோது நான் சொன்னதும், அம்மா போனபோது நான் சொன்னதும் எல்லாம் அந்த இரண்டு வார்த்தைக்குள் போய்விட்டன. இனிமேல் அப்படி இல்லை. குமேஜி அன்றைக்குக் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். எழுதிவிட்டேன்.

எனக்குச் சுலப எழுத்துகள் மட்டும்தான் தெரியும். படம் வரைந்த மாதிரி இருக்கும் கடின எழுத்துகள் தெரியாது. சுமியெயும் அங்கே பிறந்தவள், அவளுக்கும் சுலப எழுத்து மட்டும்தான் தெரியும் என்று புத்தாண்டுக் கடிதத்தில் வெட்கப்பட்டு எழுதியிருந்தாள். வெட்கப்பட வேண்டாம் என்று சொல். மாமாவும் மருமகளும் ஒரே வகுப்பு.

கை ஓய்ந்துவிட்டது. மிச்சம் நாளைக்கு.

மறுநாள். இன்று மழை, அதனால் நிறைய எழுதலாம்.

சுமியெயின் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். உன் கண்பார்வை முழுதும் போய்விட்டது என்று எழுதியிருந்தாள். பருத்திக்காட்டு வெயிலும் தூசியும் வருடக்கணக்காகத் தின்று தின்று இப்போது இரண்டு கண்ணும் இருட்டு என்று. நீ என்னிடம் இதை மறைத்துவிட்டாய். சரி, தபால் நிலையத்துக்காரர் எனக்குப் படித்துக் காட்டுகிற கடிதத்தில் நீயும்தான் எதைச் சொல்லியிருக்க முடியும். பிறகு எழுதியிருந்தாள்: ஒரு முறை, ஒரே முறை, உன்னை இங்கே கூட்டி வர அவள் தயாராக இருக்கிறாள். எந்தப் பருவத்தில் வந்தால் நல்லது என்று மாமா சொல்லுங்கள், ஆனால் அம்மாதான் "எனக்கு அங்க பாக்க என்ன இருக்கு" என்று மறுக்கிறாள் என்று.

பார்க்க என்ன இருக்கிறதா? மிசாவோ, வசந்தத்தில் வா. பின்மலையில் மக்னோலியா வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அடியில் ஊதாப் பூ விரிப்பு விரித்த மாதிரி இருக்கும். அடுக்கு வயல்களில் தண்ணீர் விட்டதும், மலை உச்சியிலிருந்து கடற்கரை வரை ஒவ்வொரு பாத்தியிலும் ஒரு வானம் கிடக்கும். சாயங்காலம் கடலில் சூரியன் இறங்கும்போது அத்தனை பாத்தியும் தங்கமாகிவிடும். எத்தனை சூரியன் என்று எண்ணிவிட முடியாது. நீ வரவேண்டும், வந்து பார்க்கவேண்டும்.

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக வைக்கிறேன். நாற்று நடுவது போலத்தான். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் உடல்நலம் காக்கப்படட்டும்.

அண்ணன் இசோகிச்சி

*

ஜூன் மாதம்

அன்புத் தங்கைக்கு,

நடவு முடிந்தது. இடுப்பு என்னுடையது போலவே இல்லை. யாரோ இரவல் வாங்கிப்போய் வளைத்துத் திருப்பித் தந்தது மாதிரி இருக்கிறது.

உன் பதில் வந்தது. சுமியெ நீ சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதியிருக்கிறாள், நல்ல பெண். "அண்ணா, நீ எழுதக் கத்துக்கிட்டது சந்தோஷம். ஆனா வெள்ளை, ஊதா, தங்கம்னு சுமியெ படிக்கப் படிக்க, எனக்குச் சாப்பாட்டுக் கடை வாசல்ல சும்மா நிக்க வெச்ச மாதிரி இருந்துச்சு" என்று.

இதை நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகத்தான் படிப்பேன், எனக்கு வேறு விதமாகப் படிக்க வராது. அதனால் கினு முழுவதையும் கேட்டுவிட்டாள். உன் அண்ணியின் நாக்கு வயதாகி இன்னும் கூர்மையாகியிருக்கிறது. கண் தெரியாதவளுக்குப் பூவின் நிறத்தை எழுதி அனுப்பினீர்களா என்று கேட்டாள். பிறகு, "எழுத்து வந்தாச்சு. புத்தி எப்ப வரும்னு அந்த டீச்சரைக் கேட்டு வாங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு ஊறுகாய் கூட வைக்கவில்லை.

நான் யோசித்தேன். கடிதம் என்றால் பூவும் நிலவும் எழுதவேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படியே எழுதிவிட்டேன். உன்னை நினைத்து எழுதவில்லை, கடிதத்தை நினைத்து எழுதிவிட்டேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு யோசித்துத்தான் எழுதுகிறேன். கண்ணை மூடினால் கட்டத்துக்கு வெளியே எழுத்து போய்விடுகிறது, அதனால் மூடி யோசித்து, திறந்து எழுதுகிறேன்.

மே மாதம் மேல் மடையைத் திறந்தோம். தண்ணீர் முதலில் வரும்போது சத்தமே இல்லை, உனக்கு நினைவிருக்கும். காய்ந்த மண் குடிக்கிற சத்தம் மட்டும்தான், சின்னக் குழந்தை பால் குடிக்கிற மாதிரி. அது நின்ற பிறகுதான் பாத்திக்குப் பாத்தி வழிகிற சத்தம் தொடங்கும். மேல் பாத்தியில் மெல்லிசு, கீழே வர வரத் தடிமன். எங்கே நிற்கிறோம் என்று காதை வைத்தே சொல்லிவிடலாம். தண்ணீர் நிறைந்த அன்று அந்தி சாயும்போது ஒரு தவளை கத்தியது. பிறகு ஒன்று. பிறகு வீட்டுக்குள் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்கவில்லை. கினு என்னைத் திட்டியது எனக்குக் கேட்காத மாதம் இந்த ஒன்றுதான்.

அடிவாரத்தில் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது. நம் அடுக்கு வயல்களில் அதைத் திருப்ப இடமில்லை. அதனால் இந்தச் சரிவில் இருக்கும் எட்டு வீட்டுக்காரர்களும் பழையபடி ஒருவருக்கொருவர் கைமாற்றாக நட்டோம். நான் உருட்டுச் சட்டத்தை உருட்டிச் சேற்றில் கட்டம் போட்டேன், பெண்கள் பின்னால் நட்டு வந்தார்கள். கட்டம் கோணலாக இருந்ததாம். என் மகனின் மனைவி நொபுயோ, "மாமா இப்பல்லாம் தாள்ல போடற கட்டம்தான் நேரா வருது" என்று சொல்ல, எல்லோரும் சேற்றில் உட்காராத குறையாகச் சிரித்தார்கள்.

மதியம் அகல இலையில் பொதிந்த சோற்றை வரப்பில் உட்கார்ந்து பிரித்தோம். சூட்டில் அந்த இலை விடும் மணம் உன் மூக்குக்கு எட்டவேண்டும் என்று அதையும் எழுதுகிறேன். குமேஜி பாடினான். நாற்பது வருடத்தில் அவன் குரல் கொஞ்சமும் திருந்தவில்லை. நீ வரலாம் என்று சொன்னேன். அவன் வாயில் சோற்றோடு, "மிசாவோவா? நடவுல என் தலையில சேத்தை அப்பிட்டு ஓடினவ! பதிலுக்கு நான் இன்னும் அப்பல. வரச் சொல்லுடா, சேறு ரெடியா இருக்கு" என்றான். உன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். வாயில் இருந்ததை விழுங்கினான். "அப்ப தப்பிக்க முடியாது. இன்னும் நல்லது" என்றான். நீ கோபித்துக்கொள்ளமாட்டாய் என்றுதான் எழுதினேன்.

நடவுக்கு வா என்று இப்போது கேட்கிறேன். கையைச் சேற்றில் விட்டால் நாற்று நிற்கிறதா சாய்கிறதா என்று விரல்தானே சொல்கிறது, கண்ணா சொல்கிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். மார்பை மூடிக்கொள்.

அண்ணன் இசோகிச்சி

*

அக்டோபர் மாதம்

அன்புத் தங்கை மிசாவோவுக்கு,

அறுவடை முடிந்து நெற்கட்டுகள் கழிச் சட்டத்தில் தலைகீழாகத் தொங்குகின்றன. காற்று கடலிலிருந்து வரும்போது அவை உரசிக்கொள்ளும் சத்தம், ஒரு கூட்டம் பெண்கள் பட்டுடுத்தி விருந்துக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றேன். கினு தன்னிடம் பட்டே இல்லை என்று நினைவூட்டினாள்.

உன் இரண்டாவது பதிலைப் பல நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். மடிப்பில் தேய்ந்துவிட்டது. குமேஜியின் சேற்றுக் கதைக்கு நீ சிரித்து இருமிவிட்டாய் என்று சுமியெ அடைப்புக்குள் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே நீ சொன்னது: "நான் ஓடின வரப்புல என்னைக் கையப் பிடிச்சு நடத்திட்டுப் போவீங்க. ஊரே வந்து பாவம்னு பாக்கும், எனக்கு அது தெரியக்கூடத் தெரியாது. வேணாம் அண்ணா. எனக்குள்ள ஒரு ஊரு பத்திரமா இருக்கு. அதுல நான் இன்னும் ஓடிட்டுத்தான் இருக்கேன். அதைக் கெடுத்துக்க மாட்டேன்."

இதைப் படித்த பிறகு வீட்டில் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன்.

அப்போது வெயில் காலம், நெல் பூ விடுகிற நாட்கள். நடுப்பகலில் கொஞ்ச நேரம்தான் பூ திறந்திருக்கும், அப்போது யாரும் வயலில் இறங்கமாட்டோம். அந்த நேரம் பார்த்து, வீட்டுப் பின்வாசலில் நின்று, தலையில் கட்டும் துண்டை இறக்கிக் கண்ணைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். நீ நடக்கப்போகிற பாதை எப்படி இருக்கும் என்று தெரியாமல் உன்னை எப்படி வா வா என்று அழைப்பது? கிணற்றடி வரைக்கும் ராஜா மாதிரி நடந்தேன். பிறகு மூங்கில் நிழல் வந்தது. நிழல் என்பது தோளில் படுகிறது மிசாவோ, எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. வாய்க்கால் கல்லை வெறுங்காலால் தடவிக் கண்டுபிடித்துத் தாண்டினேன். அதற்கப்புறம் ஒரு மணம் வந்தது. நெற்பூ மணம். வாழ்நாள் முழுக்க அந்த நெல்லோடு இருந்திருக்கிறேன், அது இவ்வளவு மணக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேகிற சோற்றுக்கும் மழை மண்ணுக்கும் நடுவில் ஒரு மணம். அதில் மயங்கி நின்றுவிட்டு அடுத்த காலை எடுத்து வைத்தேன். அங்கே வரப்பு இல்லை.

விழுந்தது குமேஜியின் பாத்தியில். பூவிட்டு நிற்கிற நெல்லில். கத்தக்கூட நேரமில்லை. சேறு வாய்க்குள் போனது. துண்டை அவிழ்ப்பதற்குள் மேலே அவன் குரல். "டேய் இசோ! என் நெல்லுல என்னடா பண்ற? தவளை புடிக்கிறியா? அதுக்கு எதுக்குடா கண்ணைக் கட்டிக்கிட்டே?" நான் விஷயத்தைச் சொன்னேன். என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, சாய்ந்த பயிரை ஒவ்வொன்றாக நிமிர்த்தினான். நிமிர்த்திக்கொண்டே, "நீ கேட்டிருந்தா நான் முன்னாடி நடந்து சொல்லிட்டே வந்திருப்பேனே. குருடன் விழறதில்லடா, வழி சொல்ல ஆளில்லாதவன்தான் விழறான்" என்றான். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், அதற்கடுத்த வீட்டுக்கும் போய், நான் தவளை பிடித்த கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போனான்.

நீ பத்திரமாக வைத்திருக்கிற ஊரைப் பற்றி. நான் உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை, சொன்னால் உன் கால் கண்டுபிடித்துவிடும். பள்ளிக்கூடத்துக்கு நீ ஓடிய மண் பாதைக்கு இப்போது தார் போட்டுவிட்டார்கள். நம் வைக்கோல் கூரைக்கு மேல் தகரம் அடித்தாயிற்று, மழை பெய்தால் உள்ளே கத்தித்தான் பேசவேண்டும். உச்சிப் பாத்திகளில் மூன்று தரிசாகிவிட்டன, நகரத்துக்குப் போனவர்களுடையவை. அங்கே இப்போது காட்டுப்பன்றி படுக்கிறது. உனக்குள் இருக்கிற ஊரில் இதெல்லாம் இல்லை. அதை நான் கெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஊரில் நானும் சின்னப் பையனாக, உன்னைத் துணியில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு களை பறித்துக்கொண்டிருப்பேன், இல்லையா? அவனுக்கு உன்னோடு பேச நேரமே இருந்ததில்லை. எனக்கு இப்போது இருக்கிறது.

புது அரிசி வடித்தோம். முதல் கவளத்தை வாயில் போட்டதும் நொபுயோகூடப் பேச்சை நிறுத்தினாள். ஒரு சிறு பை அரிசி அனுப்பலாமா என்று தபால் நிலையத்தில் கேட்டேன், சட்டம் அனுமதிக்காதாம். அதனால் அதைத் தின்ன நீதான் வரவேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை.

உன் இருமல் எப்படி இருக்கிறது என்று சுமியெயை அடைப்புக்குள் எழுதச் சொல்.

அண்ணன் இசோகிச்சி

*

டிசம்பர் மாதம்

அன்புத் தங்கைக்கு,

இன்று காலை கடல்மேல், பனி கொட்டுவதற்கு முன்னால் வரும் முதல் இடி இடித்தது. மீனவர்கள் படகுத்துறைக்கு ஓடினார்கள், இந்த இடிக்குத்தான் பெரிய மீன் கூட்டம் விழித்துக் கரையோரம் வரும். உங்கள் ஊரில் இடி மழையைத்தான் கூட்டி வருமாமே. எங்கள் இடி மீனையும் கூட்டி வருகிறது.

இந்தக் கடிதத்தை நான் அவசரமாக எழுதுகிறேன். அவசரம் என்றால் என் அவசரம், நான்கு நாளில் முடித்துவிடுவேன்.

ஐந்தாம் தேதி வயல் சாமியை வீட்டுக்கு அழைத்தோம். உனக்கு அது நன்றாக நினைவிருக்கும். அப்பா சடங்கு உடுப்பில் வெறும் வயலுக்குப் போய் வெறுங்காற்றை அழைத்துவருவார். நீ தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அங்க யாருமே இல்லையே" என்று கத்தி அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறாய். அப்பாவுக்குப் பிறகு இத்தனை வருடமும் நான்தான் செய்கிறேன்.

இந்த வருடமும் பொழுது சாயும் நேரம் உடுப்பு மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். மண்ணை மண்வெட்டியால் மூன்று கொத்து கொத்தி, "வருஷம் பூரா எங்களுக்காகப் பாடுபட்டீங்க, களைச்சிருப்பீங்க, வீட்டுக்கு வாங்க" என்று உரக்க அழைத்தேன். பிறகு முன்னால் நடந்தேன். நெல் நுனி குத்திக் கண் போன சாமி அல்லவா, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டுதானே வரவேண்டும். இங்க வரப்பு வழுக்கும். இங்க வாய்க்கால் கல்லு, ஒரு எட்டு பெரிசா வையுங்க. இப்ப மேடு. காத்து அடிக்குதா, மூங்கில் தாண்டிட்டோம். நாக்குக்குப் பழகிய வார்த்தைகள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

வாசலுக்கு வந்தேன். உள்ளே கினுவும் மகன் தெத்சுவோவும் நொபுயோவும் தலை தரையில் பட வணங்கிக் காத்திருக்கிறார்கள். நான் திரும்பி, பின்னால் வருகிறவருக்குக் கையை நீட்டி, "நிலைப்படி ஒசரம், காலைத் தூக்கு மிசாவோ" என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன். சாமியை நீ வா போ என்று ஒருமையில், அதுவும் உன் பெயர் சொல்லி.

ஒருவரும் நிமிரவில்லை. நொபுயோவின் முதுகு மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாளா பயப்படுகிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது. "மன்னிக்கணும், வாய் தவறிடுச்சு, உள்ள வாங்க" என்று சாமியிடம் கும்பிட்டு, கணப்பருகே உட்காரவைத்தேன். பிறகு குளியலறைக்குக் கூட்டிப்போய், தண்ணீரில் கையை விட்டுப் பார்த்து, சூடு போதுமா என்று கேட்டு, முதுகு தேய்த்துவிட்டேன். விருந்துத் தட்டின் முன் உட்காரவைத்து, இது சிவப்புப் பயறு போட்ட சோறு, இது இரட்டைக் கால் முள்ளங்கி, மூடியைத் திறக்கிறேன் ஆவி அடிக்கும் கவனம், இது இன்றைக்குப் பிடித்த மீன், முள் உங்க இடது பக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. இத்தனை வருடம் அதை நான் கடமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை எதிரே யாரோ நிஜமாகவே தலையைச் சாய்த்துக் கேட்பது போல இருந்தது.

விருந்து முடிந்து, சாமியை விதைநெல் மூட்டைகளுக்கு நடுவில் குளிர்கால ஓய்வுக்கு உட்காரவைத்தோம். பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். நான் தெய்வக்குற்றம் ஆகிவிட்டதோ என்று சோற்றைத் தொடாமல் இருந்தேன். கினு என் கிண்ணத்தில் மீனை வைத்துவிட்டுச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், ஏனென்றால் இது உனக்கும் சேர்த்துச் சொன்னது. "வருஷா வருஷம் கண்ணு தெரியாத ஒருத்தரை வயல்ல இருந்து அடுப்பங்கரை வரைக்கும் ஒரு கல்லு தட்டாமக் கூட்டியாந்திருக்கீங்க. அவரை யாராச்சும் பாவம்னு சொன்னமா? இந்த வீட்டுல அவரை விட ஒசந்த விருந்தாளி உண்டா? உங்க தங்கச்சியும் வயலுக்குத்தான் கண்ணைக் கொடுத்திருக்கா. எந்த நாட்டு வயலா இருந்தா என்ன? இதை எழுதாம, பூவையும் தவளையையும் எழுதிட்டு உக்காந்திருக்கீங்களே."

பார், இந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தது எனக்கு, எழுதவேண்டியது தெரிந்தது அவளுக்கு.

குமேஜிக்கு மறுநாளே செய்தி போய்விட்டது. நொபுயோவின் வேலை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "உன் வீட்டுச் சாமி மிசாவோன்னா, நேத்து எங்க வீட்டுல கறியெல்லாம் தின்னுட்டுப் போனது யாருடா?" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, எப்போது வருகிறாள் என்று கேட்டான். நான் தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது, மிசாவோ.

அதனால் இந்த முறை எந்தப் பருவம் என்று நான் சொல்லவில்லை. வசந்தமோ, நடவோ, அறுவடையோ, இடி இடிக்கிற இந்தக் குளிரோ, உன் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறதோ அந்த மாதத்தில் வா. உன்னை யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டோம். நான் ஓரடி முன்னால் நடப்பேன். இது வரப்பு, இது கல், இது மேடு என்று சொல்லிக்கொண்டே நடப்பேன். நீ விரும்பினால் என் கைச்சட்டை நுனியைப் பிடித்துக்கொள், விரும்பாவிட்டால் விட்டுவிடு. வேகமாக நடக்கவேண்டும் என்றால் வேகமாகச் சொல்வேன். ஓடவேண்டும் என்றால் எனக்கு எழுபது தாண்டிவிட்டது, ஆனாலும் ஓடிப் பார்க்கிறேன்.

உன் கால்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று நம் வயல் சாமியை வேண்டிக்கொண்டேன். கண்ணுக்காக வேண்டவில்லை. அது என் வேலை.

உன் வரவுக்காக இருக்கும்,
அண்ணன் இசோகிச்சி